மூச்சுக்கு விட்ட இடம்

அம்மாவின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, மேக்கப்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தார். வாய் திறந்துகொள்ளவில்லை.

"மூடி நின்னுடுச்சு பாப்பா," என்றார், ஷாட் ஓகே ஆகிவிட்டதுபோல. "தலையை லேசா ஜன்னல் பக்கம் திருப்பட்டுமா? வெளிச்சம் அங்கேருந்துதான் வருது."

"யாரும் படம் எடுக்கப் போறதில்லண்ணா."

"எடுப்பாங்க. வாசல்ல போய்ப் பாரு, ஆளுக்கொரு போனோட நிக்கிறாங்க. இடது பக்கத்துலேருந்து எடுத்தா அவங்களுக்குப் பிடிக்காது."

மகள் வாயை மூடிக்கொண்டாள். அம்மாவுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்பது விடிந்ததிலிருந்து வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அவளைத் தவிர.

மேக்கப்காரர் பஞ்சை எடுத்து அம்மாவின் உதட்டோரத்தில் ஒற்றினார். நான்கு நாள் மருத்துவமனையில் சுவாசக் குழாயை ஒட்டிவைத்திருந்த பிளாஸ்திரியின் தடம் அங்கே சிவப்பாக இருந்தது. அதை மறைக்க மூன்று முறை பூசவேண்டி வந்தது. தலைமுடிக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. அம்மாவுக்கு இருபத்தேழு வயதில் முதன்முதலாக அந்தத் தலையில் வெள்ளை அடித்தவர் அவர்தான். முப்பத்து நான்கு வயதுக் கதாநாயகன் ஒருவனுக்குத் தாயாராக நடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நூற்று நாற்பது படம், ஒன்பது தொடர். பிள்ளைகளுக்கு வயது ஏறவே இல்லை. அம்மாவுக்கு மட்டும்தான் ஏறியது. ஐம்பத்து மூன்றில் முடி தானாகவே வெளுத்து, அவருக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் படப்பிடிப்பில்தான் விழுந்தாள். அதுவும் டைரக்டர் 'கட்' சொன்ன பிறகு. ஷாட் நடுவில் விழுந்து தொடர் எடுப்பவர்களுக்கு ஒரு டேக்கை நஷ்டமாக்கவில்லை. அந்த விஷயத்தில் அவளை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. மருத்துவமனைக்குக் கொண்டுபோன உடனே தொண்டைக்குள் குழாயை இறக்கிவிட்டார்கள். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் யாருக்கோ பார்வை சோதித்துக்கொண்டிருந்தவள், போட்டது போட்டபடி ஓடினாள். போனபோது அம்மாவின் கண் மட்டும்தான் பேசியது. நான்கு நாள். இன்று விடியற்காலை அதுவும் நின்றது.

நர்ஸ் ஒருத்தி கேட்டாள்: "டி.வி.ல பேசுறப்ப தேனா இருக்குமே இவங்க குரல்? குழாயை எடுத்ததும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லணும்."

"அது இவங்க குரல் இல்ல," என்று மகள் சொன்னாள். நர்ஸ் நம்பவில்லை. துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் உண்மை அதுதான். முதல் படத்தின்போதே டைரக்டர் சொல்லிவிட்டார்: முகம் தங்கம், குரல் தகரம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், முதுகுக்குப் பின்னால் கடைசிவரைக்கும் தகரம்தான். குரல் பிறவியிலேயே அப்படி. கரகரவென்று, நடுவில் உடைந்து, வாக்கியத்தின் கடைசியில் காற்றாகப் போய்விடும். ஆகவே அம்மா வாயசைப்பாள். படப்பிடிப்பில் அவள் பேசுவதை ட்ராக் என்று பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். பிறகு டப்பிங் ஸ்டுடியோவில் இன்னொருத்தி அதைக் கேட்டு, அதே அளவில் தேனாகப் பேசுவாள். அவள் பேசி முடித்ததும் ட்ராக்கை அழித்துவிடுவார்கள். ஊரே உருகியது அந்த இன்னொருத்தியின் குரலுக்குத்தான்.

"என் வாயில ஒருத்தி வாடகையில்லாம குடியிருக்கா," என்பாள் அம்மா, தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். தொலைக்காட்சியைச் சட்டென்று அணைத்தும் விடுவாள்.

பதினொரு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. மாமா, அம்மாவின் தம்பி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "முப்பத்தோரு படத்துல செத்திருக்கா எங்க அக்கா. மாடிப்படியில உருண்டு, குண்டடி பட்டு, மகன் கல்யாணத்தப்ப மாரடைப்பு வந்து... ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது." கையில் டீ. உயிரோடிருந்தபோது அக்கா வேஷம் போடுவது குடும்பத்துக்கு மானக்கேடு என்று ஏழு வருஷம் வாசப்படி மிதிக்காதவர் இவர்.

அப்போதுதான் வாசலில் அந்தக் குரல் கேட்டது.

"கொஞ்சம் வழி விடுறீங்களா?"

கூடத்தில் பேச்சு அப்படியே அறுந்தது. மாமாவின் கையிலிருந்த டீ மடியில் கொட்டியது. எதிர்வீட்டு அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் முதலில் திரும்பிப் பார்த்தது வாசலை அல்ல, கட்டிலில் கிடந்தவளின் வாயை.

அது மூடித்தான் இருந்தது. வாசலில் குள்ளமாக, ஒல்லியாக, கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். எந்தத் தெருவிலும் யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்காத முகம். தான் செய்தது புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு கட்டிலருகே வந்து நின்றபோது சத்தமே வராமல் அழுதாள். அழும்போது மூச்சு விசில் அடித்தது.

"குரல் அக்கா," என்று மேக்கப்காரர் மகளின் காதில் சொன்னார். "இருபத்திரண்டு வருஷமா இவங்கதான்."

மகளுக்கு எரிந்தது. துக்க வீட்டில் வந்து நிற்கிறவள்மேல் எரியக்கூடாதுதான். எரிந்தது. அம்மா போய்விட்டாள், அம்மாவின் குரல் என்று ஊர் நினைப்பது இதோ நடந்து வருகிறது, நாளைக்கு இன்னொருத்தியின் வாயில் குடியேறும். உண்மையான குரல் எங்கே இருக்கிறது? நான்கு நாளாக மருத்துவமனை நடையில் உட்கார்ந்து அவள் தன் போனை முழுக்கத் தேடிப்பார்த்தாயிற்று. ஒரு துண்டு இல்லை. அம்மா குறுஞ்செய்திதான் அனுப்புவாள், ஒற்றை விரலால் தட்டி. போனைத் தூக்கி வீடியோ எடுக்கப் போனால் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு தலையாட்டுவாள். பிறந்தநாள், புது வீடு புகுந்த நாள், எல்லாவற்றிலும் அம்மா சிரிக்கிறாள், கையாட்டுகிறாள், பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்று மகளுக்குத் தெரியும். அவளுக்கு ஒன்பது வயது. பள்ளி விழாவுக்கு அம்மாவைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா மைக்கைப் பிடித்து, "குழந்தைகளே" என்றாள். அவ்வளவுதான். கூட்டம் ஒரு நொடி திகைத்தது, பிறகு சிரித்தது. பிள்ளைகள் மட்டுமில்லை, டீச்சர்களும். வீட்டுக்கு வந்து மகள் பையை வீசியெறிந்துவிட்டுச் சொன்னாள்: "நீ இனிமே வெளிய வாயைத் தொறக்காத. டி.வி.ல மட்டும் பேசு."

குழந்தை சொன்னதுதானே என்று விட்டிருக்கலாம். அம்மா விடவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பக்கம் வரவில்லை. வீட்டில்கூட மெதுவாகத்தான் பேசினாள், அடுத்த அறையில் யாரோ தூங்குகிற மாதிரி. மகள் பிறகு வளர்ந்தாள், புத்தி வந்தது, மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தாள். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருபத்தொரு வருஷம் போய்விட்டது.

புரொடக்‌ஷன் மேனேஜர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். நல்ல மனிதர், அழவும் செய்தார். அழுது முடித்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குரல் அக்காவைத் தேடினார்.

"அக்கா, சங்கடமாத்தான் இருக்கு. செவ்வாய்க்கிழமை எடுத்த சீன் இன்னைக்கு ஏழு மணிக்கு சேனல்ல போகணும். டப்பிங் முடியல. எல்லாம் முடிஞ்சதும் ஒரு நடை ஸ்டுடியோவுக்கு வந்துடுங்க."

மகள் பக்கத்தில்தான் நின்றாள். "அது அம்மாவோட கடைசி சீனா?"

"ஆமா பாப்பா. மகன் வீட்டை விட்டுப் போறான், அம்மா வாசல்ல நின்னு ரெண்டு வரி பேசுறாங்க. பிரமாதமா பண்ணியிருக்காங்க."

"அப்ப ட்ராக் இன்னும் இருக்கா? அவங்க குரல்?"

"இருக்கும்."

"அதையே விட்டுடுங்க சார்." குரல் அவளையறியாமல் உயர்ந்துவிட்டது. "அந்த ஒரு சீன் மட்டும். அவங்க குரல்லயே போகட்டும். ஆயுசு பூரா அவங்க ஆசைப்பட்டது அது ஒண்ணுதான்."

மேனேஜர் செருப்பைப் பார்த்தார். "ஜனங்களுக்கு அம்மா குரல் தெரியும் பாப்பா. திடீர்னு வேற குரல் வந்தா யாரோ பேசுறாங்கன்னு நினைப்பாங்க."

"வேற குரல் இல்ல. அதுதான் அம்மா குரல்."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்." அவர் பெருமூச்சு விட்டார். "சரி, சேனல்ல கேட்டுப் பார்க்குறேன். கேக்குறதுல என்ன இருக்கு?"

கேட்டுப் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று மகளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டி வந்தது, தூக்கினார்கள், போனார்கள், எல்லாம் முடிந்தது. இரண்டு துணை நடிகைகள் கேமராக்களுக்கு முன்னால் மயங்கி விழுந்தார்கள். ஒருத்தி விழுந்த இடம் சரியில்லையென்று எழுந்து தள்ளி விழுந்தாள். மகளின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. "பொண்ணு கல்லு மாதிரி நிக்குது பாரு, அம்மாவோட நடிப்புல கால்வாசிகூட வரல," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

நான்கு மணிக்கு, மேனேஜர் அனுப்பிய காரில் குரல் அக்கா ஏறப்போனபோது மகளும் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். குரல் அக்கா நகர்ந்து இடம் விட்டாள். பாதி தூரம் போன பிறகு கழுத்துத் துணியைத் தளர்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அந்தக் குரல் வரும் வாயைப் பார்க்காமல் இருக்க மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நேர்ல நாங்க ஒரு வார்த்தை பேசினதில்லம்மா. ஒரு விழாவுல எதிர்ல வந்தாங்க, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. தப்பில்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்."

மகள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

"ஆனா எனக்கு இளைப்பு வந்ததுக்கு அப்புறம் நீளமா ஒரு வரி சேர்ந்தாப்புல சொல்ல முடியல. வேலை போயிடும்னு பயந்தேன். ஒருநாள் பார்க்கிறேன், அவங்க நடுவுல நிறுத்துறாங்க. மூச்சு வாங்குற அளவுக்கு. எதுக்குன்னு புரியல. அப்புறம் ஒவ்வொரு வரியிலயும் நிறுத்துறாங்க, எனக்கு எங்க முட்டுமோ சரியா அங்க. யார் சொன்னாங்களோ தெரியாது. பதினோரு வருஷமா எனக்கு மூச்சு விட இடம் விட்டுட்டுத்தான் நடிச்சாங்க. அதைத்தான் பத்திரிகையில எல்லாம் 'அழுத்தமான மௌனம்'னு எழுதினாங்க." அவள் சிரிக்கப் போய் இருமினாள்.

வீட்டில் அம்மா யாரைப் பற்றி அத்தனை கசப்பாகப் பேசினாளோ, அவளுக்குத்தான் இதைச் செய்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தும் பேசாமல் இருந்திருக்கிறாள். அந்த மௌனம் யாருக்காக என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

"இன்னிக்காவது அவங்க குரலை விடுவாங்களா?" என்று கேட்டாள்.

குரல் அக்கா தயங்கினாள். "ஒரு தடவை விடுறதா இருந்தாங்க. எட்டு வருஷம் முன்னாடி, புதுசா ஒரு டைரக்டர் வந்தாரே, மலைக் கிராமத்துப் படம். அவர் அந்தக் குரலுக்காகவே அவங்களைப் போட்டார். எனக்கு வேலை இல்லன்னு சொல்லியனுப்பிட்டாங்க. ஒரு வாரம் கழிச்சுத் திரும்பக் கூப்பிட்டாங்க. அவங்களே வேணாம்னுட்டாங்களாம்."

"அம்மாவா? இருக்காது."

"ட்ராக்ல இருந்துதும்மா. டேக்குக்கு முன்னாடி பேசுறதும் சில சமயம் பதிவாகிடும். டைரக்டர் கேக்குறார், 'இவ்வளவு சொல்றேனே, ஒரு தடவை ஒத்துக்கக் கூடாதா'ன்னு. இவங்க சொல்றாங்க, 'எம் பொண்ணு என்னிக்காவது ஒருநாள் இந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பா சார். அவளுக்கு இந்தக் குரல் ஆகாது.'"

கார் ஒரு சிக்னலில் நின்றது, கிளம்பியது. அந்தப் படத்தை மகள் இன்றுவரை பார்க்கவில்லை.

"சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றாள் குரல் அக்கா.

"இல்ல. சொன்னது நல்லது," என்றாள் மகள். நல்லதில்லை. இன்னொரு ஆயுசுக்குப் போதுமான அளவு வலித்தது.

ஸ்டுடியோ ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. கதை வெளியே போய்விடக் கூடாது என்று எல்லோருடைய போனையும் வாசலிலேயே ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் மைக், இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியரும் நூறு பொத்தான்களும். வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து மாதம்தான் ஆகியிருக்கும் அந்த இளைஞனுக்கு. மேனேஜர் அவனிடம் ஏற்கெனவே பேசிவிட்டிருந்தார்.

"சேனல்ல ஒத்துக்கல மேடம்," என்றான். "எபிசோடுக்கு முன்னாடி அம்மா போட்டோவும் ரெண்டு வரியும் போடுறாங்களாம். பேக்ரவுண்ட் மியூசிக்கோட."

மகள் தலையாட்டினாள். "அந்த ட்ராக்கை மட்டும் எனக்குக் குடுப்பீங்களா?"

"அது சேனல் சொத்து மேடம். ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அனுப்பி வைக்கிறேன். ஒரு வாரத்துல பதில் வரும்."

"எப்ப அழிப்பீங்க?"

"சத்தமெல்லாம் சேர்த்து மிக்ஸ் முடிஞ்ச உடனே தானா போயிடும்." அவள் முகத்தைப் பார்த்து, ஹெட்போனை நீட்டினான். "வேணும்னா ஒரு தடவை கேளுங்க."

திரையில் அம்மா வந்தாள். செவ்வாய்க்கிழமை மதியத்து அம்மா. வாசற்கதவில் ஒரு கையை வைத்து நின்றாள். காதுக்குள் ஒரு செருமல், பிறகு கரகரவென்று, உடைந்து, காற்றாகி:

"போ. நான் தடுக்கல. போறவங்க..." நிறுத்தினாள். உதடு லேசாகப் பிரிந்தபடி ஒரு நொடி, இரண்டு நொடி. "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

மகள் ஹெட்போனைக் கழற்றவில்லை. இன்ஜினியரே வந்து மெதுவாக எடுக்கவேண்டியிருந்தது.

குரல் அக்கா கண்ணாடிக்கு அப்பால் போய் மைக் முன்னால் நின்றாள். கழுத்துத் துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மகளை ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசினாள்.

"போ. நான் தடுக்கல."

தேன் இல்லை. கரகரப்பு. உடையவேண்டிய இடத்தில் உடைந்தது. கடைசி எழுத்து காற்றாகப் போனது. இருபத்திரண்டு வருஷம் தினமும் காதில் வாங்கிக்கொண்டவள் ஒரு இழை தவறவிடவில்லை. செத்துப்போனவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பேசினாள்.

இன்ஜினியர் பொத்தானை அழுத்தினான். "அக்கா, என்னக்கா ஆச்சு? தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்ல தம்பி. இப்படியே வச்சுக்கயேன்."

"தகரத்தைத் தேய்ச்ச மாதிரி இருக்குக்கா. நேரம் வேற இல்ல." எரிச்சலை அடக்கிக்கொண்டு சொன்னான். "அம்மா குரல்ல பேசுங்க."

குரல் அக்கா அசையாமல் நின்றாள். மகளைப் பார்த்தாள். வேண்டாம் என்று மகள் சொன்னால் மைக்கை விட்டு வெளியே வந்துவிடுவாள் என்று அந்தப் பார்வையில் இருந்தது. வந்தால் நாளையிலிருந்து இளைப்புக்காரிக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பதும் இருந்தது. மகள் வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். பேசுங்க.

விளக்கு மறுபடி எரிந்தது. திரையில் அம்மா கதவில் கைவைத்தாள். தேனான குரல் அறையெல்லாம் நிறைந்தது. போ, நான் தடுக்கல. போறவங்க... கண்ணாடிக்குப் பின்னால் தோள்கள் உயர்ந்து இறங்கின. மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

"ஓகே. ஒரு எழுத்து பிசகல," என்றான் இன்ஜினியர். சரிபார்க்கக் காட்சியைப் பின்னால் ஓட்டி, நடுவில் நிறுத்திவிட்டு, குறிப்பேட்டில் எதையோ எழுத ஆரம்பித்தான்.

திரையில் அம்மா அப்படியே நின்றாள். உதடு லேசாகப் பிரிந்திருந்தது. வேறொருத்தி மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தாள்.